மொதக் குலவை

உக்காருங்க அண்ணாச்சி. எட்டி எட்டிப் பாத்து என்ன ஆகப்போகுது, பஸ் இப்போதைக்குக் கெளம்பாது. டிரைவர் அந்த வீல் நட்டோட மல்லுக்கட்டுறதப் பாத்தாலே தெரியுது, துருப்பிடிச்சு இறுகிப்போச்சு. நமக்குத் தொழிலே பஞ்சர் கடைதான். ‘கொஞ்சம் டீசல ஊத்தி ஊற விடுங்க, தானாக் கழண்டுரும்’னு சொன்னேன். ‘நீரு போயி டீயக் குடியும்’ங்கிறான். சரின்னு வந்துட்டேன். கேக்கிறவனுக்குச் சொல்லலாம், கேக்காதவன என்ன செய்ய?

எம் பேரு வெயிலுமுத்து. இது எம் பொஞ்சாதி சீனியம்மா. வணக்கம் சொல்லலையேன்னு நெனைக்காதீக. வலது கை இன்னும் தூக்க வரல, பேச்சும் வரல. ஆனா புரியும், எல்லாம் புரியும். நாம பேசுறது அம்புட்டையும் காதுல வாங்கிக்கிட்டுத்தான் இருக்கா. அந்தா, வேப்பமரத்தடியில செல்போன நோண்டிக்கிட்டு நிக்குதே ரெட்டைச் சடை, அது எம் மக சண்முகப்பிரியா. இப்பத்தான் பன்னெண்டாவது பரீட்சை முடிச்சிருக்கா.

மதுரை ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வாரோம். நாளைக்கு எங்க ஊர்ல பங்குனிப் பொங்கல். இந்த வருசம் காளியம்மனுக்கு மொதக் குலவை எம் மகதான் போடப்போறா. அதுக்குள்ள போய்ச் சேந்துரணும், அவ்வளவுதான் நமக்கு.

என்னத்தா? தண்ணியா? இந்தா, குடி. மெதுவா.

பாத்தீகளா, காலையில இருந்து இப்படித்தான். இடது கையால என் சட்டையப் பிடிச்சு இழுக்கிறது, வாயத் தொட்டுத் தொட்டுக் காட்டுறது. தண்ணி குறையாமக் குடுக்கணும்னு டாக்டரே சொல்லியிருக்காரு. குடுத்தா ஒரு வாய் வாங்கிட்டு மூஞ்சியத் திருப்பிக்கிறா. நோயாளின்னா அப்படித்தான், நாமதான் பொறுத்துப் போகணும்.

குலவை எல்லா ஊர்லயும் உள்ளதுதானேங்கிறீகளா? கல்யாணத்துல, வளைகாப்புல நாக்க ஆட்டி ஒரு சத்தம் குடுத்துட்டு விட்டுருவாக. எங்க ஊர்க் குலவை அந்தக் கதை இல்ல. பொங்கப் பானை பொங்கின ஒடனே மொதக் குலவை விழணும். விழுந்ததுல இருந்து கோயிலச் சுத்தி மூணு சுத்து முடியுற மட்டும் அறுபடக் கூடாது. மூச்ச இழுத்து இழுத்துப் போட்டுக்கிட்டே வரணும். கூட வர்ற பொம்பளைக மாத்தி மாத்திப் போடலாம். மொதக் குலவைக்காரி நிறுத்தக் கூடாது. நிறுத்துனா ஊருக்கு ஆகாது.

அந்தக் குலவை எங்க அண்ணன் வீட்டோடதா இருந்துச்சு. எங்க அண்ணன் பேரு சங்கிலி. அவுக சம்சாரம், எங்க மதினி, அவுகதான் போடுவாக. போடுவாக, சும்மா சொல்லக் கூடாது, நல்லாத்தான் போடுவாக. ஆனா சாமி வராது. மூணு சுத்து சுத்திட்டு, முந்தானையால மொகத்தத் தொடச்சிட்டு, ‘ஒரு டீ குடுங்கப்பா’ன்னு வந்து உக்காந்துக்கிருவாக. அதுல என்ன இருக்கு?

ஒரு வருசம் மதினிக்குத் தொண்டை கட்டிக்கிருச்சு. ‘எளையவ போடட்டும்’னாக. இவ போட்டா. ரெண்டாவது சுத்து வரும்போது வலது கை வெடவெடன்னு ஆடுது அண்ணாச்சி! கையில இருந்த வேப்பங்கொல கீழ விழுந்துருச்சு. வாயி ஒரு பக்கமா இழுக்குது. என்னமோ பேசுறா, ஒண்ணும் வெளங்கல, பச்சைப் பிள்ளை மழலை மாதிரி. அப்படியே மடங்கி உக்காந்துட்டா. கூட்டம் அம்புட்டும் கீழ விழுந்து கும்பிட்டுச்சு. எங்க அண்ணனும்தான் கும்பிட்டான், நான் பாத்தேன்.

அன்னையில இருந்து குலவை எங்க வீட்டுக்கு வந்துருச்சு. மொத விபூதி இவளுக்கு, பரிவட்டம் எனக்கு. அதுவரைக்கும் என்னைய ஊர்ல என்னன்னு கூப்பிடுவாக தெரியுமா? ‘சங்கிலி தம்பி’. நாப்பது வயசு வரைக்கும் எனக்குன்னு ஒரு பேரு கெடையாது. இவளால கெடச்ச பேரு அண்ணாச்சி, பொய் சொல்லக் கூடாது.

பொங்கலுக்குன்னு இல்ல, வீட்டுலயும் வரும். ஈர வெறக வச்சுக்கிட்டு அடுப்ப ஊதுவா, ஊதிக்கிட்டே இருப்பா, திடீர்னு கையில உள்ள கரண்டி விழுந்துரும். மொதல்ல நான் வஞ்சேன். வஞ்சா அழுவா. தேம்பித் தேம்பி அழுதான்னா, அப்பவும் வந்துரும், கை ஆடும், நாக்குக் கொழறும். நான் பயந்துபோயி கன்னத்துல போட்டுக்கிருவேன். அப்புறம் அவளக் கடிஞ்சு ஒரு வார்த்தை பேசுனது கெடையாது. ஆத்தா குடியிருக்கிற ஒடம்ப யாராவது வைவாகளா? எங்க ஊர்லயே பொஞ்சாதிய நல்லா வச்சுக்கிட்டவன் நான்தான், யாரையும் கேட்டுப் பாருங்க.

ஒடம்புக்கு எப்ப வந்துச்சுன்னா, தை கழிஞ்சு மாசியில. ஆட்டுக்குத் தண்ணி காட்டிட்டு நிமிந்தா. ‘ஏங்க, மண்ட ரெண்டாப் பொளக்குது’ன்னு ஒரே வார்த்தை. வாந்தி எடுத்தா, விழுந்துட்டா. அவ நல்லாப் பேசுன கடைசிப் பேச்சு அதுதான். நான் சாமின்னு நெனச்சிட்டேன். விபூதியப் பூசிட்டு, பக்கத்துல யாரும் போகாதீகன்னு தள்ளி நிக்க வச்சேன். எங்க அண்ணன் எங்கிட்டு இருந்தோ ஓடியாந்தான். கண்ணு ரெப்பையத் தூக்கிப் பாத்தான். ‘கிறுக்குப் பயலே, இது சாமியாடா?’ன்னு என்னையத் தள்ளிவிட்டுட்டு, அவன் லோடு ஆட்டோவுல அள்ளிப் போட்டுக்கிட்டுப் போயிட்டான். எல்லார் முன்னாடியும் தள்ளிவிட்டான் அண்ணாச்சி. பொஞ்சாதி கெடந்த கெடையில நான் பொறுத்துக்கிட்டேன். ஆனா மறக்கல.

மதுரையில பெரிய டாக்டர் ஒருத்தர், வடக்க இருந்து வந்தவர் போல, தமிழ் கொஞ்சம் ஒட்டிக்கிட்டு வரும், ஆனா தங்கமான மனுசன். கம்ப்யூட்டர்ல படத்தப் போட்டுக் காட்டுனாரு. நோய்க்குப் பேரு மோயாமோயா. பேயி பேரு மாதிரி இல்ல? ஜப்பான்காரன் வச்ச பேராம். புகைன்னு அர்த்தமாம். அது சரியாத்தான் வச்சிருக்கான். படத்துல அப்படித்தான் இருந்துச்சு, மூளைக்கு அடியில சாம்பிராணி போட்ட மாதிரி.

மூளைக்குப் போற ரெண்டு பெரிய ரத்தக்குழாய் இருக்காம். அது கொஞ்சங்கொஞ்சமா ஒடுங்கி அடைச்சுப்போச்சு. ‘மெயின் ரோடு அடைச்சா லாரியெல்லாம் சந்துக்குள்ள போகும்ல, அது மாதிரி சின்னச் சின்னக் குழாயாக் கெளம்பி, அதுதான் இத்தனை நாளும் ரத்தத்தச் சொமந்துருக்கு. பின்பக்கக் குழாய்க்கும் சொமை கூடிப்போச்சு. சொமை தாங்காம அதுல ஒரு எடம் பொடைச்சு, வெடிச்சிருச்சு’ன்னாரு. எனக்குச் சட்டுன்னு புரிஞ்சுபோச்சு. டியூப்புல பொடைப்பு வரும்ல? அதுதான் சார்னேன். ‘ஆமா, அதேதான்’னு சிரிச்சாரு.

டியூப்புல பொடைப்புன்னா நமக்கு வைத்தியம் தெரியும். இதுல என்ன சங்கடம்னா, மண்டையத் தெறந்து இடுக்கி போட்டு நெருக்கலாம், ஆனா தெறக்கிற வழியில அந்தப் புகைக்குழாய்க ரெண்டு அறுந்தாலும் போச்சு. அதுல ஓடுற ரத்தத்துலதான் உசிரே இருக்கு. பிரஷர் ஏறுனா திரும்ப வெடிக்கும். எறக்குனா ரத்தம் பத்தாம மூளை செத்துப்போகும். ‘கயித்து மேல நடக்கிறோம்’னாரு. கடைசியில தொடையில ஓட்டை போட்டு, நூலு கணக்கா ஒரு குழாய விட்டு, பின்கழுத்து வழியா மேல போயி, அந்தப் பொடைப்புக்குள்ள பிளாட்டினக் கம்பியச் சுருட்டிச் சுருட்டி அடைச்சுட்டாக. முன்பக்க ரோடெல்லாம் அடைப்புல்ல, அதனால பின்வழி. அடேயப்பா, என்ன வேலை! நானும் எத்தனையோ ஒட்டு ஒட்டியிருக்கேன், அதுக்கு நான் கையெடுத்துக் கும்பிட்டேன்.

உள்ள அது நடக்கும்போது வெளிய நின்னு அழுதேன் அண்ணாச்சி, கூச்சமே படல. இவ இல்லாட்டி நான் யாரு? அந்தச் செவத்துல நெத்திய முட்டிக்கிட்டு ஒரு நேர்ச்ச போட்டேன். ‘ஆத்தா, இவளத் திருப்பிக் குடு. எம் மகளக் கூட்டியாந்து உனக்கு மொதக் குலவை போட வைக்கிறேன்’னு. திருப்பிக் குடுத்துட்டா. பேச்ச மட்டும் வச்சுக்கிட்டா. இடது மூளைக்கு ரெண்டு நாள் ரத்தம் பத்தாமப் போச்சாம், அதுல பேச்சும் கையும் விழுந்துருச்சு. இன்னொரு ஆபரேஷன் இருக்கு. காதுக்கு மேல தோலுல ஓடுற குழாய எடுத்து உள்ள தச்சு விடுறது. புது பைபாஸ் ரோடு. அத அடுத்த மாசம் வச்சிருக்காக.

அதுவரைக்கும் பத்தியம் என்னன்னு அந்த டாக்டர் வெரல விட்டு எண்ணிச் சொன்னாரு. ‘மூச்ச வேகவேகமா இழுத்து விடக் கூடாது. விட்டா மூளைக்குப் போற குழாய் சுருங்கும், இருக்கிற கொஞ்சநஞ்ச ரத்தமும் போகாது. பலூன் ஊதக் கூடாது, அடுப்பு ஊதக் கூடாது, சூடா இருக்கிறத ஊதிக் குடிக்கக் கூடாது, ஓடக் கூடாது, அழ விடக் கூடாது. மீறுனா கை ஆடும், கையில இருக்கிறது விழும், பேச்சுக் கொழறும், கொஞ்ச நேரத்துல சரியானாப்ல இருக்கும். சரியாயிருச்சுன்னு விட்டுறாதீங்க. அதுதான் எச்சரிக்கை’ன்னாரு.

நான் ஒண்ணு விடாமக் கடைப்பிடிக்கிறேன். வெறகடுப்ப இடிச்சுத் தள்ளிட்டேன். ஏ தம்பி, டீ மாஸ்டர்! மூணு டீ போடுங்க. ஒண்ண மட்டும் நல்லா ஆத்திக் குடுங்க. ஆமா, இவளுக்கு. ஊதிக் குடிக்கப்படாது. பிரியா, இங்க வா, டீ வருது!

என்ன கேட்டீக? குலவைய டாக்டர்ட்ட சொன்னேனாவா?

அவரு பலூன்னாரு, அடுப்புன்னாரு, சூடா ஊதிக் குடிக்கிறதுன்னாரு. குலவைன்னு சொல்லலையே. குலவை ஊதுறதா அண்ணாச்சி? நாக்கால போடுறது. அவரு கேட்டாரு, இல்லைங்கல. ‘இதுக்கு முன்னாடி எப்பவாவது கை ஆடியிருக்கா, பேச்சுக் கொழறியிருக்கா?’ன்னு. இல்லைன்னுட்டேன். ஆத்தா வர்றத, காலுல செருப்பும் மூக்குல மருந்து வாடையுமா நின்னுக்கிட்டு, வாயத் தெறந்து சொல்லுவாகளா? அது வேற, இது வேற. எனக்கும் ஒரு நிமிசம் சந்தேகம் தட்டுச்சு, இல்லைன்னு சொல்லல. அப்புறம் மனசத் தேத்திக்கிட்டேன். நோயின்னா மொகம் வாடும். சாமி வரும்போது இவ மொகத்த நீங்க பாத்திருக்கணும், தகதகன்னு இருக்கும்.

இவளும் கட்டில்ல கெடந்துக்கிட்டு டாக்டர் கையப் புடிச்சா. வாயத் தொட்டா, நாக்க நீட்டி ஆட்டுனா, வெளிய நின்ன பிள்ளையக் காட்டுனா. ‘என்ன சொல்றாங்க?’ன்னாரு. ‘தாகமா இருக்குங்கிறா சார், மக கையால தண்ணி குடிக்கணுமாம்’னேன். பாசம் அண்ணாச்சி. தாய்க்கும் மகளுக்கும் உள்ளது.

இன்னைக்கும் ஒண்ணு சொன்னாரு. ‘இது சில குடும்பத்துல தொடர்ந்து வரும். மகளுக்கும் ஒரு ஸ்கேன் எடுத்துப் பாத்துருவோம். இருந்தா வெடிக்கிறதுக்கு முன்னாடியே சரி பண்ணிரலாம்’னாரு. நான் முடியாதுன்னுட்டேன். கல்யாணத்துக்கு நிக்கிற பிள்ளை. மண்டையில கோளாறுன்னு ஒரு பேச்சுக் கெளம்புச்சுன்னா எவன் வீட்டுப் படியேறுவான்? ஊர்ல இவளுக்கே பிரஷர்னுதான் சொல்லி வச்சிருக்கேன். அதுவும் போக, எம் பிள்ளைக்கு என்ன கொறை? பத்தர மாத்துத் தங்கம்.

எங்க அண்ணனும் இதையேதான் பிடிச்சுக்கிட்டுத் தொங்குறான். முந்தா நாள் வீட்டுக்கு வந்தான். ‘வெயிலு, பிள்ளைய விட்டுருடா. ஆத்தாகிட்ட தேங்கா ஒடைச்சு மன்னாப்புக் கேட்டுக்குவோம். உங்க மதினி போடட்டும்’ங்கிறான். கண்ணுல தண்ணி வேற. நான் என்ன கேணயனா? தொலைஞ்சுபோன மரியாதைய இந்தச் சந்துல திருப்பி வாங்கிறப் பாக்கிறான். இவ வேற, அவன் கால்மாட்டுல போயி உக்காந்துக்கிட்டு, அவன் சொல்றதுக்கெல்லாம் தலைய ஆட்டுறா. புத்தி இன்னும் தெளியல, பாவம். நான் தூக்கிட்டுப் போயி உள்ள படுக்க வச்சேன்.

என்ன அண்ணாச்சி, ஏன் மொகம் இப்படிப் போகுது? பிள்ளைக்குப் பழக்கம் வேணும்ல, அதான் ஒரு மாசமா வீட்டுல போட்டுப் பழகுறா. மொட்டை மாடியில போயி நிப்பா. மூணு சுத்துக்குத் தம் கட்டணும்ல. இப்ப, போன வெள்ளிக்கெழமை நடந்தத யாருட்டயும் சொல்லல, வழித்தொணைக்கு வந்தவுகளாச்சேன்னு உங்ககிட்டச் சொல்றேன். போட்டுக்கிட்டே இருந்தா. கொரலு அப்படியே அவ ஆத்தா கொரலு. சட்டுன்னு நின்னுபோச்சு. நான் மேல ஓடிப் பாத்தா, இடது கை வெடவெடன்னு ஆடுது! செல்போன் கீழ கெடக்கு. ‘அப்பா’ங்கிறதுக்கு ‘அவ்வா அவ்வா’ங்கிறா. எனக்குச் சிலிர்த்துப்போச்சு அண்ணாச்சி. அப்படியே நெடுஞ்சாண்கிடையா விழுந்தேன், பெத்த மக காலுல. இவளுக்கு வலது கை, அவளுக்கு இடது கை. அம்புட்டுத்தான் வித்தியாசம். ஆத்தா எங்க வீட்ட விட்டுப் போகல, ஒடம்பத்தான் மாத்தியிருக்கா.

அதுக்கப்புறம் பிள்ளை ஒரு மாதிரி பயந்துபோயிருக்கா. ‘எனக்கு வேண்டாம்ப்பா, கை மரத்துப்போகுது’ங்கிறா. மொதல்ல அப்படித்தான் இருக்கும்னு சொல்லியிருக்கேன். அவ ஆத்தாளும் மொத வருசம் இதத்தானே சொன்னா.

இந்தா டீ வந்துருச்சு. எடுத்துக்கங்க. சீனியம்மா, இது உனக்கு, ஆறிப்போச்சு, குடி. பிரியா, உனக்குச் சூடா இருக்கு, பாத்துக் குடி. ஊதிக் குடி தாயீ, உனக்கென்ன, நீ நல்லா ஊதிக் குடிக்கலாம்.

நீங்க சொல்றது எனக்குப் புரியுது. புரியாம இல்ல. திரும்ப மதுரைக்கே பஸ் ஏறுங்கிறீக. இன்னைக்கே ஏறுங்கிறீக. எங்க அண்ணன் பேசுற மாதிரியே பேசுறீக அண்ணாச்சி. அவன் உங்களுக்குச் சொந்தமா? இல்ல, கேக்கிறேன். நீங்க டாக்டரா? இல்லைல்ல. நாளைக்கு அந்தப் பானை பொங்கும்போது ஊரே வாயப் பாத்துக்கிட்டு நிக்கும். போட ஆளில்லைன்னா நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நிப்பேன்? உசிரத் திருப்பிக் குடுத்தவளுக்கு நான் வாக்குக் குடுத்திருக்கேன். நீங்க குடுக்கல.

ஏத்தா, இந்த இழு இழுக்கிற? சட்டை கிழிஞ்சிரும். டீ வேண்டாமா? பிள்ளைய என்னத்துக்குக் காட்டுற? அவ டீ குடிக்கிறா. ஊதி ஊதிக் குடிச்சுக்கிட்டு இருக்கா, அவளுக்கென்ன...

அய்யோ! பாத்து! கால்ல கொட்டிருச்சா? பிரியா? ஏ பிரியா, என்னையப் பாரு.

அண்ணாச்சி! கையப் பாருங்க! பாருங்க, இடது கை! நான் சொன்னேன்ல? டம்ளர் எப்படித் தெறிச்சு விழுந்துச்சு பாத்தீகளா? ஊர் எல்லைய இன்னும் மிதிக்கல, அதுக்குள்ள வந்துட்டா! ஏய், யாரும் கிட்ட போகாதீகப்பா, தள்ளி நில்லுங்க. டீ மாஸ்டர், ஒரு துண்டு சூடம் இருந்தா எடுங்க.

சீனியம்மா, நீ எதுக்கு எந்திரிக்கிற? விழுந்துருவ, உக்காரு. உக்காருங்கிறேன்ல. என்னத்தா? என்ன சொல்ற?

...கேட்டீகளா அண்ணாச்சி? இப்ப கேட்டீகளா? ‘வேணாம்’னா! தெளிவாச் சொன்னா! மாசியில இருந்து ஒரு சொல்லு வரல, இப்ப பேசிட்டா! இந்தா, திரும்பவும் சொல்றா, ‘வேணாம் வேணாம்’ங்கிறா! அட என் ஆத்தாளே, பிள்ளை மேல நீ எறங்குன அதே நிமிசத்துல தாய்க்கு வாயத் தெறந்துட்டியே! எனக்கு அழுகையா வருது அண்ணாச்சி. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?

பிரியா, பயப்படாத. அழாத தாயீ. அம்மா பேசிட்டா பாரு. மூச்ச நல்லா இழுத்துக்க. இழுத்து, இந்தச் சந்தோசத்துக்கு ஆத்தாளுக்கு இங்கனயே ஒரு குலவை போடு.

என்ன அண்ணாச்சி, கையப் புடிக்கிறீக? விடுங்க. இது எங்க குடும்ப விசயம், விடுங்கங்கிறேன்ல.

நீ போடு தாயீ.